கனவில் கற்ற நெசவு

"அம்மன் கனவில் வந்தாள், மஞ்சள் சேலை கேட்டாள்." ஆடி மாதம் பிறந்துவிட்டால் டிராம்பே சீத்தா கேம்ப் சந்துகளில் இந்தப் பேச்சு காதில் விழாமல் இராது. காங்கேயத்துக்கு அருகே சிவன்மலையில் இதற்கு ஒரு முறையே இருக்கிறது. ஆண்டவன் பக்தர் ஒருவரின் கனவில் வந்து ஒரு பொருளைச் சொல்வார். சன்னதியில் பூப்போட்டுப் பார்த்து உத்தரவு கிடைத்தால், அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அடுத்த கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும்.

கனவு சொன்னதைக் கையால் செய்து முடிப்பது நமக்குப் புதிதல்ல. பூமியின் மறுபுறத்தில் அதைத் தறியில் நெய்து காட்டும் மக்களும் இருக்கிறார்கள். தென் அமெரிக்காவில் சிலி, அர்ஜென்டினா நாடுகளில் வாழும் மபூச்சே மக்கள்தான் அவர்கள். அவர்கள் மொழியில் 'மபு' என்றால் நிலம். 'சே' என்றால் மக்கள்.

சிலந்திப் பாட்டி

கனவை அவர்கள் 'பெவ்மா' என்கிறார்கள். காலையில் எழுந்ததும் "என்ன கனவு கண்டாய்?" என்று வீட்டில் ஒருவரையொருவர் கேட்பது பழைய வழக்கம். வைத்தியமும் வழிபாடும் நடத்தும் 'மாச்சி' பெரும்பாலும் பெண். கனவில் அழைப்பு வந்த பிறகே அவர் அந்தப் பொறுப்பை ஏற்கிறார். தறியில் போட வேண்டிய பூவேலை கனவில் வந்தது என்று சொல்லும் நெசவுக்காரப் பெண்களும் உண்டு.

நெசவு வந்ததற்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். ஒரு பெண்ணைத் தூக்கிச் சென்று மனைவியாக்கிக்கொண்ட ஒருவன், "நான் திரும்புவதற்குள் இந்த ரோமத்தை நூற்று வை" என்று சொல்லிவிட்டுப் போனான். நூற்கத் தெரியாத அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்போது மேலிருந்து ஒரு சிலந்திப் பாட்டி நூலில் இறங்கி வந்து நூற்பைக் கற்றுக்கொடுத்தாளாம். பெண் குழந்தையின் கையில் சிலந்தி வலையைத் தேய்த்தால் கைவேலை நன்றாக வரும் என்று இன்றும் சொல்வதுண்டு.

தறியும் எளியதுதான். நம் ஊர்க் குழித்தறி போல மிதிகட்டை கிடையாது. நெட்டாக இரண்டு கம்பு, குறுக்காக இரண்டு கம்பு. சுவரில் சாய்த்துவைத்து ஆட்டு ரோம நூலில் நெய்வார்கள். பெண்கள் இடுப்பில் கட்டும் பட்டையில் மண்டியிட்ட மனித உருவம் வரும். ஊர்த் தலைவரின் போர்வை அங்கிக்கு நெய்வதற்கு முன்பே நூலை முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுவார்கள். போச்சம்பள்ளிச் சேலைக்கும் இதே போன்ற முறைதான் என்பது குறிப்பிடத்தக்கது.

நிலம் போன கதை

ஸ்பெயின் படைகளால் இவர்களை முழுதாக வெல்ல முடியவில்லை. 1641இல் கிலின் என்ற இடத்தில் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். விடுதலை பெற்ற சிலி நாட்டின் படைதான் 1861 முதல் 1883 வரை நடந்த நடவடிக்கையில் இவர்கள் நாட்டைப் பிடித்தது. கையில் மிஞ்சிய நிலம் இருந்ததில் சிறு பங்கே. வயிற்றுப் பாட்டுக்கு நகரம் போக வேண்டியதாயிற்று.

2017ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் சிலியில் மபூச்சே மக்கள் சுமார் 17 லட்சம் பேர். அவர்களில் 6 லட்சத்துக்கு மேற்பட்டோர் தலைநகர் சாந்தியாகோ வட்டாரத்தில் இருந்தார்கள். ஊரைவிட்டு வந்த ஆண்களில் பலர் ரொட்டிக் கடை அடுப்பில் நின்றார்கள்; பெண்களில் பலர் வீட்டு வேலைக்குப் போனார்கள். ஏளனத்துக்கு அஞ்சிக் குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டவர்களும், பிள்ளைகளிடம் தாய்மொழி பேசுவதை விட்டவர்களும் உண்டு.

டிராம்பேக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், ஜனதா காலனியிலிருந்து மூட்டை முடிச்சோடு பெயர்க்கப்பட்டவர்கள் உருவாக்கியதுதான் சீத்தா கேம்ப்.

கலைக்கூடத்தில் கனவு

மறைத்து வைத்த பெயரையும் கனவையும் இன்றைய மபூச்சே கலைஞர்கள் வெளியே எடுக்கிறார்கள். கவிஞர் எலிகுரா சிவைலாப் 1995இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே நீலக் கனவுகள் இருக்கின்றன. அவருக்கு 2020இல் சிலியின் தேசிய இலக்கியப் பரிசு கிடைத்தது. 2017 வெனிஸ் கலை விழாவில் பெர்னார்டோ ஒயார்சுன் ஆயிரத்துக்கு மேற்பட்ட மர முகமூடிகளை நிறுத்தி, சுற்றிலும் மபூச்சே குடும்பப் பெயர்களை விளக்கு எழுத்தில் ஓடவிட்டார். முகமூடிகளைச் செதுக்கியவர்கள் மபூச்சே கைவினைஞர்கள்.

தறியும் ஓவியமும் நம் மும்பையிலும் சந்தித்திருக்கின்றன. கடிகாரமும் இலையும் கனவில் மிதப்பதுபோல் வரைந்த ஓவியர் பிரபாகர் பர்வே (1936–1995) பல ஆண்டுகள் நெசவாளர் சேவை மையத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். நெசவுக்கு வடிவம் போட்டபடியே தம் ஓவியத்தையும் வளர்த்தார்.

கலைக்கூடத்தில் பெருமை கிடைப்பது நல்லதுதான். ஆனால் கை தெரிந்தவள் மகளுக்குக் கற்றுக்கொடுக்காவிட்டால், கண்ணாடிக்குள் துணி இருக்கும்; நெய்யத் தெரிந்தவர் இருக்கமாட்டார். மொழிக்கும் இதே கதிதான். நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் படிக்கட்டும். பிழைப்புக்கு அவை வேண்டும். காலையில் தண்ணீர்க் குடத்தை எடுக்கும் முன், "ராத்திரி என்ன கனவு கண்டே?" என்று தமிழில் கேட்க எந்தச் செலவும் இல்லை. பிள்ளையும் தமிழிலேயே பதில் சொல்லட்டும்.