டிராக்டர் பாட்டரி முனைகளில் உப்புப் பூக்காமல் காப்பது எப்படி?

மானாவாரி நிலத்தில் மழைக்குப் பின் ஈரம் உழவுக்குப் பதமாக இருக்கும் நாட்கள் சிலவே. அத்தகைய நாளில், விடியற்காலையில் டிராக்டரின் சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்ற ஓசை மட்டும் கேட்டு இன்ஜின் சுழலாமல் நின்றுவிட்டால், அன்றைய உழவு தவறுகிறது. மெக்கானிக்கை அழைத்து வருவதற்குள் ஈரமும் காய்ந்துவிடும். இவ்வாறு நேரும்போது பல விவசாயிகள் 'பாட்டரி போய்விட்டது' என்று முடிவு செய்து, பல ஆயிரம் ரூபாய் செலவிட்டுப் புதிய பாட்டரி வாங்கி விடுகின்றனர். ஆனால், பாட்டரியில் எந்தக் குறையும் இல்லாமல், அதன் முனைகளில் பூத்துள்ள உப்பே காரணமாக இருப்பதும் உண்டு. ஆகவே, பணம் செலவிடும் முன்பு முனைகளைப் பார்க்க வேண்டும்.

விளக்கு எரியும், இன்ஜின் சுழலாது

முனையில் உப்புப் பூத்த டிராக்டரில் முகப்பு விளக்கு நன்றாக எரியும், ஹாரனும் ஒலிக்கும். ஸ்டார்ட்டர் மட்டும் சுழலாது. இதற்குக் காரணம் உண்டு. ஒரு விளக்கு எரிவதற்குச் சுமார் 5 ஆம்பியர் மின்சாரம் போதும். குளிர்ந்த டீசல் இன்ஜினைச் சுழற்றுவதற்கு ஸ்டார்ட்டர் 200 ஆம்பியருக்கும் கூடுதலாக இழுக்கும். முனைக்கும் கிளாம்புக்கும் இடையே உப்பு படிந்து ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை ஏற்பட்டாலும், 200 ஆம்பியர் பாயும்போது 2 வோல்ட் அங்கேயே வீணாகிறது. 12 வோல்ட் பாட்டரியில் இது ஆறில் ஒரு பங்காகும்.

விளக்கைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டரை இயக்கிப் பார்க்கலாம். முதலில் பிரகாசமாக எரிந்த விளக்கு அந்த நொடியே அணைந்து போனால் இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும். தொடக்கத்திலேயே விளக்கு மங்கலாக எரிந்தால் பாட்டரியில் சார்ஜ் குறைந்துள்ளது எனக் கொள்ளலாம். கிளாம்பைக் கையால் திருகும்போது அசைந்தால், இணைப்பு தளர்ந்துள்ளது என்பது உறுதி.

உப்பு எவ்வாறு பூக்கிறது?

பாட்டரிக்குள் நீர்த்த கந்தக அமிலம் உள்ளது. சார்ஜ் ஏறும்போது அதிலுள்ள நீரின் ஒரு பகுதி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து மூடித் துளைகள் வழியே வெளியேறுகிறது. அப்போது கண்ணுக்குத் தெரியாத அமிலத் துளிகளும் உடன் வந்து முனைகளில் படிகின்றன. ஈயத்தோடு சேர்ந்தால் வெண்ணிற உப்பும், கிளாம்பிலும் வயரிலும் உள்ள செம்போடு சேர்ந்தால் நீலப் பச்சை உப்பும் உண்டாகின்றன.

அளவுக்கு மேல் நீர் ஊற்றுவது, முனையைச் சுற்றியுள்ள அடைப்பு விரிசல் விடுவது, ரெகுலேட்டர் பழுதாகிக் கூடுதலாகச் சார்ஜ் ஏறுவது ஆகியவை இதனை அதிகப்படுத்தும். அடிக்கடி நீர் குறைந்தால் ரெகுலேட்டரைச் சோதிக்க வேண்டும். சேற்றுழவில் தெறிக்கும் சேறு, கதிரடிக்கும் தூசி, உர மூட்டை ஏற்றும்போது சிந்தும் பொட்டாஷ் ஆகியவையும் பாட்டரியின் மேற்பரப்பில் படிந்து ஈரத்தை ஈர்க்கின்றன. அந்த ஈரத்தின் வழியே இரு முனைகளுக்கும் இடையே மின்சாரம் கசிந்து, நிறுத்தி வைத்த டிராக்டரிலும் பாட்டரி இறங்கிவிடுகிறது.

சுத்தம் செய்யும் முறை

இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். பாட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றக் கூடியது. ஆகவே அருகில் பீடி, சிகரெட், தீக்குச்சி கூடாது. கையிலுள்ள மோதிரம், காப்பு ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிவது நல்லது.

டிராக்டரின் உடலோடு இணைந்துள்ள 'எர்த்' வயரை முதலில் கழற்ற வேண்டும். தற்போதைய டிராக்டர்களில் பொதுவாக இது மைனஸ் முனையாகும். மிகப் பழைய சில டிராக்டர்களில் பிளஸ் முனை எர்த்தாக இருக்கும். மற்ற முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் இரும்புப் பாகத்தில் பட்டுப் பெரும் தீப்பொறி கிளம்பும். மாட்டும்போது எர்த் வயரைக் கடைசியில் மாட்ட வேண்டும். கிளாம்ப் இறுகியிருந்தால் சுத்தியலால் தட்டக்கூடாது. முனையைச் சுற்றியுள்ள அடைப்பு உடைந்து அமிலம் கசியும்.

செம்புப் பாத்திரத்தின் களிம்பைப் புளி போட்டுத் தேய்ப்பது வழக்கம். பாட்டரிக்கு அது உதவாது. இங்கே கேடு செய்வது அமிலம்; அதை முறிக்கக் காரம் தேவை. ஒரு லிட்டர் நீரில் சுமார் 50 கிராம் ஆப்ப சோடாவைக் கரைத்து, மூடிகளை இறுக்கிவிட்டு, பழைய பிரஷ்ஷால் முனைகளிலும் கிளாம்ப்களிலும் தடவ வேண்டும். நுரைத்துப் பொங்கும். நுரை அடங்கியபின் நல்ல நீரால் கழுவித் துடைக்க வேண்டும். சோடா நீர் பாட்டரிக்குள் ஒரு துளியும் இறங்கக்கூடாது. பின்னர் முனையின் சுற்றுப்புறத்தையும் கிளாம்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் ஈயம் பளிச்சிடும் வரை தேய்க்க வேண்டும்.

வாஸலின் பூச்சு

பிளஸ், மைனஸ் குறிகளைச் சரிபார்த்தபின் கிளாம்பை மாட்டி இறுக்க வேண்டும். பிளஸ் முனை சற்றுத் தடிமனாக இருக்கும். மாற்றி மாட்டினால் ஆல்டர்னேட்டர் பழுதாகும். இறுக்கிய பின்னரே மேலே வாஸலினை மெல்லியதாகப் பூச வேண்டும். கிரீஸை அள்ளி அப்புவது சிலரது வழக்கம். அது தூசியைச் சேர்ப்பதோடு, மாட்டும் முன்பே பூசினால் இணைப்புக்குள் புகுந்து மின்னோட்டத்தையும் தடுக்கும்.

நீர் ஊற்றும்போது காய்ச்சி வடித்த நீரையே தகடுகளுக்கு மேல் 10 முதல் 15 மில்லி மீட்டர் நிற்கும் அளவுக்கு ஊற்ற வேண்டும். கிணற்று நீரோ அமிலமோ ஊற்றக்கூடாது. 'பராமரிப்பு தேவையில்லை' என்று விற்கப்படும் மூடிய பாட்டரிகளுக்கு நீர் ஊற்றும் வேலை இல்லை; ஆயினும் அவற்றின் முனைகளையும் கவனிக்கவே வேண்டும். இன்ஜின் ஓடும்போது பாட்டரி வயரைக் கழற்றிப் பார்ப்பது ஆல்டர்னேட்டரைக் கெடுக்கும்.

உப்பும் ஈயமும் நஞ்சு

முனையில் பூத்த உப்பில் ஈயம் கலந்துள்ளது. அதனை ஊதித் தள்ளவோ, வெறுங்கையால் சுரண்டவோ கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பின்பே உணவு உண்ண வேண்டும். கழுவிய நீர் கால்நடைத் தொட்டியிலோ வாய்க்காலிலோ சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அமிலம் தோலில் பட்டால் உடனே நிறைய நீரால் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவியபின் தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பழுதான பாட்டரியைத் தொழுவத்தின் ஓரம் போட்டு வைப்பது ஆபத்தாகும். உடைந்த பாட்டரியை நக்கும் மாடுகள் ஈய நஞ்சால் இறக்க நேரிடும். 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பாட்டரியை முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். புதியது வாங்கும்போது பழையதைக் கடையில் ஒப்படைத்தால் விலையில் கழிவும் கிடைக்கும்.

உழவுப் பருவம் தொடங்கும் முன் ஒரு முறையும், பின்னர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறையும் முனைகளைச் சுத்தம் செய்யலாம். டிராக்டரை நீண்ட நாள் நிறுத்தி வைப்பதானால் எர்த் வயரைக் கழற்றிவிட்டு, மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றுவது நலம். ஒரு பொட்டலம் ஆப்ப சோடா, ஒரு துண்டு உப்புத்தாள், சிறிது வாஸலின் ஆகியவற்றோடு அரை மணி நேர உழைப்பும் சேர்ந்தால் போதும். உழவு நாள் வீணாகாமலும், நல்ல பாட்டரியைக் கழித்துக் கட்டாமலும் காத்துக்கொள்ளலாம்.