தோற்ற கட்சியும் புதிய தலைவரும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (புள்ளியியல்) மாணவன்

தேர்தலில் வென்ற கட்சியைப் பற்றி ஊரெல்லாம் பேசும். மாலையும் ஊர்வலமும் பட்டாசுமாக வீதி அமளிப்படும். தோற்ற கட்சியின் அலுவலகத்திலோ விளக்கேற்றக்கூட ஆள் இராது. ஆயினும் அந்த இருட்டறையில் அடுத்து நடக்கும் ஒரு காரியம் நாட்டுக்கே முக்கியமானது. தோல்விக்குப் பொறுப்பேற்றுத் தலைவர் விலகியபின், அடுத்த தலைவரை யார் தேர்ந்தெடுப்பது, எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே அக்காரியம்.

'இது அக்கட்சியின் வீட்டு விவகாரம், நமக்கென்ன?' என்று கேட்கலாம். அப்படியன்று. இன்றைய எதிர்க்கட்சித் தலைவர் நாளைய பிரதமராகக் கூடியவர். அதனால்தான் பிரிட்டனில் 1937-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம் எதிர்க்கட்சித் தலைவருக்கு அரசே சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. நம் நாட்டிலும் பாராளுமன்ற எதிர்க்கட்சித் தலைவர்களின் சம்பளத்துக்கு 1977-இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆளுங்கட்சியைத் தட்டிக் கேட்க வலுவான ஓர் ஆள் வேண்டும் என்பதே இதன் கருத்து. எனவே தோற்ற கட்சி தவறான தலைவரைத் தேர்ந்தெடுத்தால் நட்டம் அக்கட்சிக்கு மட்டுமன்று, பொதுமக்களுக்குந்தான்.

இதனை விளக்கப் பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சியை எடுத்துக் கொள்கிறேன். மிகப் பழமையான கட்சி. பெருந்தோல்விகளைக் கண்ட கட்சி. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை அடிக்கடி மாற்றிப் பார்த்த கட்சி. ஓட்டு எண்ணிக்கைகளும் பொதுவில் கிடைக்கின்றன. புள்ளியியல் மாணவனுக்கு வேறென்ன வேண்டும்!

தேர்தலே இல்லாத தேர்வு

1965 வரையில் அக்கட்சியில் தலைவர் பதவிக்கு ஓட்டெடுப்பே கிடையாது. மூத்தவர்கள் சிலர் கூடிக் கலந்து பேசுவர். முடிவில் ஒரு பெயர் வெளியே வரும். 1963-இல் அலெக் டக்ளஸ்-ஹோம் அவ்வாறே வந்தார். 1964-இல் கட்சி தோற்றது. மூடிய அறையில் தலைவரைப் பொறுக்கும் வழக்கத்தை அதன்பின் யாராலும் ஆதரித்துப் பேச முடியவில்லை. 1965-இல் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஓட்டளிக்கும் முறை வந்தது. எட்வர்ட் ஹீத் 150 ஓட்டும், ரெஜினால்ட் மாட்லிங் 133 ஓட்டும், ஈனக் பவல் 15 ஓட்டும் பெற்றனர். ஹீத் தலைவரானார். 1974-இல் இரு தேர்தல்களிலும் கட்சி தோற்றபின், அதே முறையில் 1975-இல் அவரை வீழ்த்தியவர் மார்கரெட் தாட்சர். முதற் சுற்றில் தாட்சருக்கு 130 ஓட்டு, ஹீத்துக்கு 119.

எம்.பி.க்கள் தேர்ந்தெடுப்பதில் ஒரு நியாயம் உண்டு. வேட்பாளரை நாள்தோறும் அருகிலிருந்து பார்ப்பவர்கள் அவர்கள். யார் உழைப்பாளி, யார் வாய்ச்சொல் வீரர் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் இம்முறையில் மறைந்திருந்த ஒரு பெருங்குறை 1997-இல் வெளிப்பட்டது.

யார் மிஞ்சினார்கள்?

1992 தேர்தலில் அக்கட்சி பெற்ற ஓட்டு ஏறத்தாழ 1 கோடியே 41 லட்சம். 1997 மே 1 அன்று பெற்றது 96 லட்சம். ஐந்தே ஆண்டுகளில் சுமார் 45 லட்சம் ஓட்டுகள் கைநழுவிப் போயின. 165 இடங்களே கிடைத்தன, தொழிற்கட்சிக்கு 418. ஸ்காட்லாந்திலும் வேல்சிலும் ஓரிடங்கூட இல்லை. தலைவர் ஜான் மேஜர் உடனே விலகுவதாக அறிவித்தார்.

புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்த 165 பேருக்கே இருந்தது. அவர்கள் யார்? அத்தகைய புயலிலும் சாயாத தொகுதிகளிலிருந்து வந்தவர்கள். மக்களின் கோபம் எங்கே மிகக் கடுமையாக இருந்ததோ அந்தத் தொகுதிகளின் குரல் அக்கூட்டத்தில் இல்லவே இல்லை. ஸ்காட்லாந்துக்காகவும் வேல்சுக்காகவும் பேச ஒருவருமில்லை. போட்டியிடக் கூடியவர்களும் குறைந்து போயினர். தலைமைக்கு வருவார் என்று பலரும் எதிர்பார்த்த மைக்கேல் போர்ட்டில்லோ தம் தொகுதியிலேயே தோற்றுவிட்டார். எனவே களத்திலேயே இல்லை.

முதற் சுற்றில் கென்னத் கிளார்க் 49, வில்லியம் ஹேக் 41, ஜான் ரெட்வுட் 27. மற்ற இருவருக்கு 24, 23. இரண்டாஞ் சுற்றில் கிளார்க் 64, ஹேக் 62, ரெட்வுட் 38. ஐரோப்பிய ஒற்றுமையை ஆதரித்த கிளார்க்கும், அதனைக் கடுமையாக எதிர்த்த ரெட்வுட்டும் திடீரென்று கைகோத்தனர். கூட்டிப் பார்த்தால் 102 வரவேண்டும். வந்ததோ 70! ஹேக் 92 பெற்று வென்றார். தலைவர்கள் சேர்ந்தார்கள், ஓட்டுகள் சேரவில்லை. ஜூன் 19-ஆம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. அவ்வளவு பெரிய தோல்வி ஏன் வந்தது என்று ஆராய அவர்கள் எடுத்துக்கொண்ட காலம் ஏழு வாரங்கள்.

ஒரு பானைச் சோறு

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பர். கூறெடுத்தல் பாடத்தின் சாரமும் இதுவே. ஆனால் அந்த ஒரு சோற்றை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும். நன்கு வெந்த இடத்தில் மட்டும் அகப்பையைவிட்டு எடுத்தால், பானை முழுதும் வெந்துவிட்டதாகவே தோன்றும். தோல்விக்குப்பின் மிஞ்சிய உறுப்பினர்களிடம் மட்டும் கருத்துக் கேட்பது இத்தகையதே. எண்ணிக்கை எவ்வளவு பெரிதாயினும் ஒருபக்கச் சாய்வுள்ள கூறு உண்மையைக் காட்டாது.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தந்தையார் கைத்தறி நெசவாளர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். இக்கட்டுரைக்காக நான் குறிப்பெடுத்துக் கொண்டிருந்தபோது விவரத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சேலை ஏன் தேங்கிப் போச்சுன்னு வாங்கிட்டுப் போறவங்ககிட்ட கேட்டா என்னப்பா தெரியும்? எடுத்துப் பார்த்துட்டு வேண்டாம்னு வச்சுட்டுப் போனாங்களே, அவங்ககிட்டல்ல கேக்கணும்." நான் ஒரு பருவம் முழுதும் படித்த பாடத்தை அவர் தறியிலிருந்து எழாமலே சொல்லிவிட்டார். கட்சியை விட்டுப் போன 45 லட்சம் பேரும், சேலையை வைத்துவிட்டுப் போனவர்களே. தலைவர் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை.

உறுப்பினர் கைக்குப் போன உரிமை

ஹேக் 1998-இல் விதியை மாற்றினார். எம்.பி.க்கள் இருவரைத் தெரிவு செய்ய வேண்டும். அவ்விருவருள் ஒருவரைச் சந்தா கட்டிய உறுப்பினர் அனைவரும் தேர்ந்தெடுக்க வேண்டும். கேட்பதற்கு முழு ஜனநாயகம்!

2001 தேர்தலில் அவரும் தோற்றார். நான்காண்டு உழைத்துக் கூடுதலாகக் கிடைத்தது ஒரே ஓரிடம். 165 என்பது 166 ஆயிற்று. அவரும் விலகவே புதிய விதி செயலுக்கு வந்தது. இடைத்தேர்தல் மூலம் திரும்பி வந்திருந்த போர்ட்டில்லோ முதற் சுற்றில் முன்னணியில் நின்றார். இறுதிச் சுற்றில் கிளார்க் 59, இயன் டங்கன் ஸ்மித் 54, போர்ட்டில்லோ 53. ஒரே ஓட்டில் அவர் வெளியேறினார். பிறகு உறுப்பினர்கள் டங்கன் ஸ்மித்துக்கு 1,55,933 ஓட்டும் கிளார்க்குக்கு 1,00,864 ஓட்டும் அளித்தனர்.

விளைவு என்ன? சபையில் தமக்குப் பின்னால் அமர்ந்திருந்தோரில் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே விரும்பிய ஒருவர் தலைவரானார். 2003 அக்டோபர் 29 அன்று அதே எம்.பி.க்கள் 90-க்கு 75 என்ற கணக்கில் அவர்மீது நம்பிக்கையில்லை என்று வாக்களித்தனர். ஒரு பொதுத் தேர்தலைக்கூடச் சந்திக்காமலே அவர் இறங்கினார். அடுத்து மைக்கேல் ஹோவர்ட் போட்டியின்றி வந்தார். உறுப்பினரைக் கேட்கவே இல்லை.

வாயிலை அகலத் திறந்தால்?

அப்படியானால் உறுப்பினரல்லாத ஆதரவாளர்க்கும் ஓட்டுக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். தொழிற்கட்சி அதையும் செய்து பார்த்தது. 2015 தோல்விக்குப்பின், மூன்று பவுன் கட்டிப் பதிந்துகொண்ட ஆதரவாளர் எவரும் ஓட்டளிக்கலாம் என்றாயிற்று. லட்சத்துக்கு மேற்பட்டோர் அவ்வாறு ஓட்டளித்தனர். அவர்களில் நூற்றுக்கு 84 பேர் ஜெரமி கார்பினை ஆதரித்தனர். மொத்தத்தில் 59.5 சதவீதம் பெற்று அவர் வென்றார். 2017-இல் கட்சியின் இடங்கள் 232-லிருந்து 262 ஆக உயர்ந்தன. 2019-இலோ 202 ஆகச் சரிந்தன.

இதில் கார்பினின் கொள்கை சரியா, தவறா என்பது என் கேள்வியன்று. கதவு திறந்தபோது உள்ளே வந்தவர் யார் என்பதே கேள்வி. கட்டணம் கட்டிப் பதிந்து ஓட்டளிக்க வந்தவர்கள் அரசியலில் மிகுந்த ஆர்வமுடையவர்கள். மனம் வெறுத்து வேறு கட்சிக்கு ஓட்டுப் போட்டவர், பணங்கட்டிப் பழைய கட்சிக்குத் தலைவர் தேட வருவாரா? வாயில் அகன்றாலும் வெளியே போனவர் திரும்பி வந்துவிடவில்லை.

காலம் தந்த பலன்

2005 மே மாதத் தேர்தலில் ஹோவர்டும் தோற்றார். ஆனால் அவர் உடனே போய்விடவில்லை. விலகப் போவதாக அறிவித்துவிட்டு, டிசம்பர் வரை பொறுப்பில் இருந்தார். அந்த ஏழு மாதங்களில் வேட்பாளர்களை நாடே நிதானமாகப் பார்க்க முடிந்தது. தொடக்கத்தில் டேவிட் டேவிஸ்தான் வெல்வார் என்றனர். அக்டோபரில் பிளாக்பூல் மாநாட்டில் டேவிட் கேமரன் கையில் குறிப்பில்லாமல் பேசிய பேச்சு நிலைமையை மாற்றியது. எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் கேமரன் 90, டேவிஸ் 57. உறுப்பினர் ஓட்டிலும் 1,34,446-க்கு 64,398 என்று கேமரனே வென்றார். இரு தரப்பும் ஒரே பெயரைச் சொன்னதால் அவரது தலைமை உறுதியாக நின்றது. 2010-இல் 306 இடங்கள் பெற்றுக் கூட்டணி அரசின் பிரதமரானார். இதற்கு 2008-இல் வந்த பொருளாதார நெருக்கடி முதலான வேறு காரணங்களும் உண்டு. எல்லாப் புகழையும் தேர்வு முறைக்கே கொடுப்பது கணக்காகாது. ஆனால் அவசரப்படாததால் கெட்டது ஒன்றுமில்லை என்பது தெளிவு.

மீண்டும் அதே கேள்வி

2024 ஜூலையில் அக்கட்சிக்கு 121 இடங்களே கிடைத்தன. தலைமைக்குரியவராகப் பேசப்பட்ட பென்னி மார்டன்ட் தொகுதியை இழந்து, போர்ட்டில்லோவைப் போலவே களத்துக்கு வெளியே நின்றார். எம்.பி.க்களின் ஒரு சுற்றில் 39 ஓட்டுடன் முதலில் நின்ற ஜேம்ஸ் கிளெவர்லி, அடுத்த சுற்றிலேயே 37 பெற்று வெளியேறினார். கெமி பேடனாக் 42, ராபர்ட் ஜென்ரிக் 41. நவம்பர் 2-ஆம் நாள் உறுப்பினர்கள் 53,806 ஓட்டுகளால் பேடனாக்கைத் தேர்ந்தெடுத்தனர். ஜென்ரிக் பெற்றவை 41,388. இம்முறை நான்கு மாதம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் எம்.பி.க்களிடம் பேடனாக் பெற்ற பங்கு, 2001-இல் டங்கன் ஸ்மித் பெற்றதைப் போலவே, ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான்.

ஆக, குறையற்ற தேர்வு முறை என்று ஒன்று இல்லை. எம்.பி.க்கள் ஆளை அறிவார்கள். ஆனால் அவர்கள் வெந்த பக்கத்துச் சோறு. உறுப்பினர்கள் கட்சிக்கு உழைப்பவர்கள். ஆனால் போகாமல் இருந்தவர்கள். போனவர்க்கு ஓட்டுக் கொடுக்க எந்த விதியாலும் இயலாது. எனவே ஓட்டுப் போடுகிறவர்தாம் அவர்களை மனத்தில் வைத்துப் போட வேண்டும். 'எனக்கு யாரைப் பிடிக்கும்?' என்று கேட்பதற்கு முன், 'நம்மை விட்டுப் போனவர் யார் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பார்?' என்று கேட்க வேண்டும். அதற்குச் சில மாதங்கள் பொறுத்திருந்து, தோற்ற தொகுதிகளுக்குப் போய், திட்டுவதையெல்லாம் கேட்டுவிட்டு வரவேண்டும்.

நண்பர்களே, பட்டம் பெற்று வெளியே சென்றபின் சங்கத்திலோ கூட்டுறவிலோ கட்சியிலோ நம்மில் பலர் உறுப்பினராவோம். என்றேனும் ஒருநாள், தோற்றுப்போன ஒரு கூட்டத்தில் அமர்ந்து அடுத்த தலைவருக்குக் கை தூக்கும் நிலையும் வரும். அப்போது அறையில் இருப்பவர்களை எண்ணுவது எளிது. அறைக்கு வராமற் போனவர்களையும் சேர்த்து எண்ணக் கற்பதுதான் படித்தவர் கடமை.