மேடையிலே வளரும் தன்னம்பிக்கை

மேடைப் பேச்சு என்றதும் நம்மில் பலருக்கு உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. "யார் பேசுகிறீர்கள்?" என்று ஆசிரியை கேட்கும்போது, விழாத பேனையை மேசைக்குக் கீழே தேடாத மாணவி வகுப்பில் எத்தனை பேர்? துணிச்சல் பிறவியிலேயே வருவது, நமக்கு அது இல்லை என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொள்கிறோம். ஆனால் துணிச்சல் வரட்டும் என்று காத்திருந்து பேச்சாளரானவர் எவருமில்லை.

மகாத்மா காந்தி தமது கூச்சத்தைச் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். சட்டம் படிக்க 1888இல் இலண்டன் சென்ற அவர், பணம் கட்டிப் பேச்சுப் பயிற்சிக்குச் சேர்ந்து, சில பாடங்களோடு நிறுத்திவிட்டார். அங்கு சைவ உணவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, தாளில் எழுதிச் சென்ற தம் கருத்தைக்கூட வாசிக்கத் துணிவின்றி, இன்னொருவர் வாசிக்க வேண்டியதாயிற்று. பாரிஸ்டராகிப் பம்பாயில் ஏற்ற முதல் வழக்கில், குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்குத் தலை சுற்றியது. ஒரு கேள்வியும் வரவில்லை. 30 ரூபாய்க் கட்டணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி வழக்கை விட்டுவிட்டார்.

1893இல் தென்னாபிரிக்கா சென்றார். முதல் வகுப்புப் பயணச்சீட்டு இருந்தும், நிறத்தைக் காரணங்காட்டி இரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டார். அதன்பின் பிரிட்டோரியாவில் இந்தியரின் கூட்டமொன்றில் எழுந்து பேசினார். கேட்டோரில் பெரும்பாலோர் மேமன் முஸ்லிம் வர்த்தகர்கள். தொழிலில் உண்மை பேசுவது பற்றிய அந்தப் பேச்சையே தமது முதல் பொதுப்பேச்சு எனலாம் என்கிறார். பயிற்சி வகுப்பு தராததை, சொல்லியே ஆகவேண்டிய ஒரு விடயம் அவருக்குத் தந்தது.

இங்கேதான் நாம் தவறு விடுகிறோம். தரம் 7இல் தமிழ்மொழித் தினப் போட்டிக்காக ராத்தா எழுதித் தந்த பேச்சை இரண்டு வாரம் பாடமாக்கினேன். அதில் பாதிச் சொற்களுக்கு எனக்குப் பொருள் தெரியாது. வலய மட்டத்தில், நான்காம் பந்தியில் ஒரு சொல் மறந்தது. அதோடு மீதிப் பேச்சும் போய்விட்டது. என் சொல்லாக இருந்திருந்தால் வேறொன்றைப் போட்டுச் சமாளித்திருப்பேன்.

ஆகவே, தெரிந்த விடயத்தை எடுங்கள். முதல் இரண்டு வசனங்களை மட்டும் பாடமாக்கிக்கொண்டு, மற்றவற்றுக்கு எது முதலில், எது பிறகு என்ற ஒழுங்கை நினைவில் வையுங்கள். மனதுக்குள் வாசிப்பது பயிற்சியாகாது. எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். மேடையில் நெஞ்சு படபடப்பதும் வாய் உலர்வதும் உடல் தன்னைத் தயார்படுத்தும் அடையாளங்கள்தான். மூச்சை மெதுவாக வெளியே விட்டுவிட்டு ஆரம்பித்தால் முதல் ஒரு நிமிடத்தைக் கடந்துவிடலாம். மறந்துவிட்டால் சற்று நிறுத்துங்கள். உங்களுக்கு ஒரு யுகமாகத் தெரியும் அந்த மௌனம், கேட்போருக்கு ஒரு மூச்சுதான்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்கவேண்டும். "பெண் பிள்ளை, மெல்லப் பேசு" என்று பன்னிரண்டு வருடம் சொல்லி வளர்த்துவிட்டு, ஒரு நாள் மேடையில் ஏற்றிப் "பயப்படாமல் பேசு" என்றால் எப்படி? நாளை நேர்முகப் பரீட்சையில் பதில் சொல்லவும், வைத்தியரிடம் தன் நோயைத் தானே எடுத்துச் சொல்லவும் வேண்டியவள் அவள். பேச்சை எழுதிக் கொடுக்காதீர்கள். இரவுச் சாப்பாட்டின்போது அன்று நடந்த ஒன்றை முழுதாகச் சொல்ல விடுங்கள். நடுவில் தம்பி சிரித்தால் அவனை அடக்குங்கள்.

தரம் 10இல் தமிழ் மன்றக் கூட்டத்தில் மீண்டும் எழுந்தேன். உம்மும்மா பன்பாய் இழைப்பதைப் பற்றி, தாளில்லாமல் பேசினேன். சாயம் காய்ச்சும் பானையைச் சொல்ல மறந்து, கடைசியில்தான் சொன்னேன். ஒருவரும் கவனிக்கவில்லை. கை நடுங்கியது. இப்போதும் நடுங்குகிறது, ஒலிவாங்கியின் கம்பியைப் பிடித்துக்கொள்வேன்.