பனி பெய்யாத ஊரில் ஒரு குளிர்காலச் சாகசம்

ஈப்போவில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஐந்து பேர் தரையில் வட்டமாக அமர்ந்திருந்தோம். டிசம்பர் மாதம்; வெளியே நல்ல மழை. கதையை நடத்தும் பொறுப்பு என்னுடையது. "பனிப்புயல் வீசுகிறது. முழங்கால் அளவு பனியில் நீங்கள் நடந்துகொண்டிருக்கிறீர்கள்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். எதிரே இருந்த தோழி பகடையைக் கையில் வைத்துக்கொண்டே, "முழங்கால் பனியில நடந்தா எப்படி இருக்கும்? நீ நடந்திருக்கியா?" என்று கேட்டாள். "கேமரன் மலை மாதிரி இருக்கும்" என்றான் இன்னொருவன். எல்லாரும் சிரித்துவிட்டோம். எங்களுக்குத் தெரிந்த கடுங்குளிர் கோலாலம்பூருக்குப் போகும் விரைவுப் பேருந்தின் குளிர்சாதனம்தான். அன்றைய ஆட்டம் அதற்குமேல் தேறவில்லை.

அந்தத் தோல்வியிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்விளையாட்டை அறியாத வாசகர்களுக்கு முதலில் ஒரு சிறு விளக்கம்.

மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டு என்பது சிலர் கூடி அமர்ந்து வாய்மொழியாகவே ஒரு கதையை நிகழ்த்தும் ஆட்டமாகும். இவ்வகையில் முதலில் வெளிவந்தது கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இரு அமெரிக்கர்கள் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. ஆண்டு 1974. ஒருவர் கதைநடத்துநர், மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம். பாத்திரம் ஒன்றைச் செய்ய முயலும்போது அது கைகூடுமா என்பதை இருபது பக்கப் பகடை முடிவு செய்யும். காட்சி, மனிதர்கள், ஆபத்து ஆகியவற்றை முன்கூட்டியே அமைத்து வைப்பதைத்தான் சாகசம் அமைத்தல் என்கிறோம். படிவம் நான்கில் ஒரு சீனத் தோழனின் அண்ணன் வழியாக இது எங்களுக்கு அறிமுகமானது. அன்றிலிருந்து ஆங்கிலத்திலும் மலாயிலும் தமிழிலுமாகக் கலந்தே விளையாடி வருகிறோம்.

மேலைநாட்டு ஆட்டக்காரர்களிடையே டிசம்பரில் குளிர்கால விழாச் சாகசம் ஆடுவது ஒரு வழக்கம். பனி, பரிசுப் பை, மான் வண்டி என்று மேலோட்டமாக அமைப்பவர்களும் உண்டு. ஆனால், நல்ல குளிர்காலச் சாகசங்களின் அடியில் வேறொன்று இருக்கிறது. 2020-இல் வெளிவந்த 'ஐஸ்விண்ட் டேல்: ரைம் ஆஃப் தி ஃபிராஸ்ட்மெய்டன்' என்ற நூலைப் பாருங்கள். ஒரு பனித் தெய்வம் சூரியனை உதிக்கவிடாமல் செய்கிறது. ஊர் மக்கள் அமாவாசை இரவுகளில் எதையாவது பலி கொடுக்கிறார்கள். சில ஊர்களில் உணவு, சில ஊர்களில் அடுப்பு நெருப்பு, சில ஊர்களில் மனிதர். பனி என்பது இங்கே வெறும் காட்சியன்று. இருப்பு தீர்ந்துகொண்டே வரும்போது யார் யாரைக் கைவிடுவார்கள் என்பதுதான் கேள்வி.

விதிகளும் அப்படித்தான். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, கடுங்குளிரில் இருக்கும் பாத்திரம் ஒவ்வொரு மணி நேரமும் பகடை உருட்டி உடலுரத்தைச் சோதிக்க வேண்டும். பத்துக்குக் குறைந்தால் களைப்பு ஒரு படி ஏறும். ஆறாவது படியில் மரணம். குளிர் அங்கே ஒரு கணக்கு. ஒவ்வொன்றாக ஏறி ஆளைக் கொல்லும் கணக்கு.

நம் ஊரில் அப்படி ஏறும் கணக்கு எது? ஈப்போவில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் அரை மணி நேரம்தான். ஆகவே நீண்ட இரவு என்று யாரையும் பயமுறுத்த முடியாது. இருந்தாலும், பனியே காணாத இதே ஈப்போவில் சீனர்கள் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 21, 22 வாக்கில் குளிர்காலத் திருநாள் கொண்டாடி மாவுருண்டை செய்து உண்கிறார்கள். குளிர் கூட வராவிட்டாலும் திருநாள் கப்பலேறி வந்துவிட்டது. நமக்கும் அதே நாள்களில் மார்கழி இருக்கிறது. அதை ஏன் நான் யோசிக்கவில்லை என்பது எனக்கே வியப்பாக இருந்தது.

பாட்டியிடம் போய்க் கேட்டேன். பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் சீவியவர். அந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. லயன் வீடுகள் இல்லை. மார்கழி என்றதும் கோலம், பொங்கல், விடியற்காலைப் பஜனை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொன்னார்தான். ஆனால், முதலில் சொன்னது மழையை.

"மழைன்னா வேலை இல்ல. வேலை இல்லன்னா சம்பளம் இல்ல. பெரட்டுக்குப் போயி நின்னுட்டுத் திரும்பி வந்துருவோம். கடைக்காரன் புத்தகத்துல மட்டும் எழுதிக்கிட்டே இருப்பான்."

இதற்குக் காரணம் மரத்திலேயே இருக்கிறது. விடியலின் குளிர்ச்சியில் மரத்தினுள் அழுத்தம் கூடுதலாக இருப்பதால் பால் நன்றாக ஓடும். அதனால்தான் இருட்டிலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தீம்பாருக்குப் போனார்கள். பட்டை நனைந்திருந்தால் சீவிய கோட்டில் ஓட வேண்டிய பால் பட்டையெங்கும் வழிந்துவிடும். மங்கில் விழுந்ததோ மழைநீரோடு கலந்து வீணாகும். ஆகவே விடியலில் பெய்யும் மழை ஒருநாள் கூலியைக் கொண்டுபோய்விடும்.

பால்மரத்திற்கே ஒரு குளிர்காலம் உண்டு என்பது இன்னொரு செய்தி. 1877-இல் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்ட இடங்களுள் நம் கோலகங்சாரும் ஒன்று. அமேசான் காட்டிலிருந்து வந்த அந்த மரம் ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் வாக்கில் இலை முழுவதையும் உதிர்த்துவிடும். புதுத்தளிர் முற்றும்வரை பால் குறையும். வெள்ளைக்காரத் துரைமார்கள் இதற்கு வைத்த பெயர் 'விண்டரிங்', அதாவது குளிர்காலம் காணுதல். அவர்கள் ஊர் நினைப்பில் வைத்த பெயராக இருக்கலாம். எப்படியோ, பேராக்கில் குளிர்காலம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இதிலிருந்து என் சாகசத்தை அமைத்தேன். பெயர், 'முப்பது நாள் மழை'. இடம், கற்பனையான ஒரு கித்தாக் காடு. முதல் வேலையாகக் களைப்புப் படிகளை நீக்கிவிட்டுக் கடன் புத்தகத்தை வைத்தேன். விடியலில் மழை பெய்தால் ஒவ்வொரு பாத்திரத்தின் பெயரிலும் ஒரு வரி ஏறும். கடைச் சாமான் வாங்கினால் இன்னொரு வரி. ஆறாவது வரி ஏறினால் மரணமில்லை. அந்தப் பாத்திரம் தோட்டத்தின் எல்லையைத் தாண்ட முடியாது. அவ்வளவுதான். ஆனால், ஆடிப் பார்த்தபோது மரணத்தைவிட அதற்குத்தான் நண்பர்கள் அதிகம் பயந்தார்கள். மருந்து வாங்குவதா, வேண்டாமா என்று இருபது நிமிடம் வாதாடினார்கள். பனிப்புயலில் ஒருவரும் அப்படி வாதாடியதில்லை.

இரண்டாவது, கதை. விடியலுக்கு முன்னர் பஜனைக் கோஷ்டி லயத்தைச் சுற்றி வருகிறது. ஆள்கள் பத்து, விளக்குகள் பதினொன்று. பதினோராவது விளக்கை ஏந்தி வருபவர் யார்? கடன் அடையாமல் இறந்துபோன ஒரு தொழிலாளி. அவர் பெயரை யாரும் அடிக்காததால் இன்னும் பெரட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார். ஆங்கில இலக்கியத்தில் கிறிஸ்துமஸ் என்றாலே பேய்க்கதை என்றொரு மரபு உண்டு. 1843-இல் சார்ல்ஸ் டிக்கன்ஸ் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையிலும் வருவது வட்டிக்காரக் கஞ்சனும் அவனைத் தேடி வரும் ஆவிகளும்தான். விழாக் காலமும் அடையாத கணக்கும் ஒன்றையொன்று தேடி வரும் போலும்.

விழாச் சாகசத்திற்கு ஒரு கெடு வேண்டும். கெடு இல்லாவிட்டால் ஆட்டக்காரர்கள் சாவகாசமாகக் கோழி வாங்கிக்கொண்டிருப்பார்கள். மார்கழியில் அது தயாராகவே இருந்தது. வைகுண்ட ஏகாதசியன்று விடியலுக்கு முன் சொர்க்கவாசல் திறக்கும். அதற்குள் அந்த மனிதரின் வரிகளை அடித்தாக வேண்டும்.

அந்த இரவில் தூங்கக்கூடாது என்பதற்காக நம்மவர்கள் பரமபதம் ஆடுவார்கள் என்பதை அறிவீர்கள். பாம்பு கடித்தால் இறக்கம், ஏணி கிடைத்தால் ஏற்றம், உச்சியில் வைகுண்டம். குளிர்மாத விழா ஒன்றுக்கு, ஓர் இரவு முழுவதும் கூடியமர்ந்து, பகடை உருட்டி, ஓர் ஆன்மாவின் பயணத்தை ஆடுவது! நாங்கள் பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணியதைப் பாட்டன் பூட்டன் காலத்திலேயே ஆடியிருக்கிறார்கள். எனவே பரமபதக் கட்டத்தையே அந்த இரவின் வரைபடமாக்கினேன். இன்னொரு சிறு மாற்றமும் செய்தேன். இருபது பக்கப் பகடையில் ஒன்று விழுந்தால் படுதோல்வி என்பது பொதுவாக ஆடுவோர் வழக்கம். நமக்கோ ஒன்று விழுந்தால் தாயம். அப்போதுதான் காயே உள்ளே நுழையும். ஆகவே ஏகாதசி இரவில் மட்டும் ஒன்று விழுந்தால் தாயம் என்று விதி வைத்தேன். கூடத்தில் எழுந்த கூச்சலில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி எட்டிப் பார்த்தார்.

குளிர்காலக் கதைகளில் எல்லாரும் அடைபட்டுக் கிடக்கும் ஒரு வீடும் வேண்டும். அதற்கு நமக்குப் பத்து காஜாவின் கெல்லி மாளிகை இருக்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரத் தோட்ட முதலாளி தொடங்கியது. 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்ததால் முடிவடையாமலே நின்றுவிட்டது. பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போகாதவர் பேராக்கில் குறைவு. பேய் மாளிகை என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். கட்டியவர்களுள் தமிழ்த் தொழிலாளர்கள் இருந்தனர் என்பதையும், நோயில் பலர் மாண்டபோது அவர்கள் கேட்டதற்கிணங்க அருகே மாரியம்மன் கோவில் எழுந்ததாகச் சொல்லப்படுவதையும் நாம் அதிகம் பேசுவதில்லை. என் சாகசத்தில் கடன் புத்தகம் இருப்பது அப்படி ஒரு முடிவடையாத மாளிகையில்தான்.

எல்லாம் சரியாக நடந்தது என்று எண்ணிவிட வேண்டாம். முதல் வரைவில், தோட்டத்து எல்லையில் நிற்கும் முனியாண்டியையும் ஓர் எதிரியாக எழுதி, அவருக்கு உயிர்ப்புள்ளிகள் கொடுத்திருந்தேன். உயிர்ப்புள்ளி என்பது எத்தனை அடி தாங்கினால் ஒன்று சாகும் என்னும் கணக்கு. எங்கள் குழுவில் ஒருவன் தாளைப் பார்த்துவிட்டு அமைதியானான்.

"எங்க வீட்டுல வருசா வருசம் சுருட்டு வெச்சுப் படையல் போடுறோம்டா. அவரு எத்தனை அடியில சாவாருன்னு நீ எழுதியிருக்க."

நான் விளையாட்டுத்தானே என்றேன். அவன் பகடையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். இரண்டு வாரம் வரவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தபோது, முன்பு ஆடிய ஆட்டங்களில் பிற நாட்டுத் தெய்வங்களை எத்தனை முறை வெட்டிச் சாய்த்திருக்கிறோம் என்பதும் நினைவுக்கு வந்தது. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். இப்போது முனியாண்டிக்குப் புள்ளிகள் இல்லை. அவர் எல்லை, அவ்வளவே. கேட்டுவிட்டுப் போனால் வழி உண்டு. கேட்காமல் போனால் சுற்றிச்சுற்றி அதே மரத்தடிக்குத்தான் வருவீர்கள். கதையும் இதனால் மேம்பட்டது என்பதே உண்மை. நண்பனும் திரும்பி வந்தான். அவனே இப்போது முனியாண்டிக்குக் குரல் கொடுக்கிறான்.

இத்தகைய முயற்சி புதிதன்று. மலேசியர்களான எழுத்தாளர் ஸெடெக் சியூ, ஓவியர் முன் காவ் இருவரும் 'எ தவுசண்ட் தவுசண்ட் ஐலண்ட்ஸ்' என்ற சிறுநூல் வரிசையில் தென்கிழக்காசியக் கற்பனை உலகொன்றைப் படைத்துக் காட்டியுள்ளனர். அவற்றைப் படித்தபோதுதான் நம் மண்ணை வைத்தும் ஆடலாம் என்ற துணிவு வந்தது. தமிழில் எழுத விரும்புவோருக்குச் சட்டச் சிக்கலும் குறைவு. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில், மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் பயன்படுத்தத்தக்க பொது உரிமத்தில் வெளியிடப்பட்டன.

சென்ற மார்கழியில் முழுச் சாகசத்தையும் ஆடி முடித்தோம். பாட்டி நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாதி நேரம் உறங்கினார். மீதி நேரம் திருத்தினார். கங்காணி இப்படிப் பேசமாட்டார், ஒட்டுப்பாலைத் தனியாகத்தான் நிறுப்பார்கள் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தார். இறுதியில் பதினோராவது விளக்கு அணைந்து, அந்த மனிதரின் ஆறு வரிகளும் அடிக்கப்பட்டன. எல்லாரும் கைதட்டினார்கள். பாட்டி மட்டும் கடன் புத்தகமாக நான் வைத்திருந்த பள்ளி நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்.

"எல்லாருக்கும் வெறுந்தாளா ஆரம்பிச்சிருக்க?"

"ஆமா பாட்டி. முதல் நாள் கடன் இல்ல."

"எங்கப்பா கங்காணியோட கப்பலேறும்போதே முதல் வரி எழுதியாச்சு" என்றார்.

கங்காணி முறையில் ஆள் கொண்டுவருவது 1938-இல் இந்திய அரசு தடை விதித்ததோடு நின்றது என்று பாடத்தில் படித்திருக்கிறேன். கப்பல் செலவு முன்பணக் கடனாக ஏறியதையும் படித்திருக்கிறேன். தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் வாங்கினேன். அன்றிரவே விதியை மாற்றினேன். இப்போது ஒவ்வொரு பாத்திரமும் ஒரு வரியோடுதான் ஆட்டத்தைத் தொடங்குகிறது.