நிரல் பட்டறை – 6: லிப்ரே ஆபிஸைச் சொந்தக் கணினியில் கட்டுதல்

சென்ற பகுதியில் விளக்கப்பட்ட மூலநிரல் என்பது நிரலாளர் எழுதிய வடிவிலேயே இருக்கும் எழுத்துக் கோப்புகளின் தொகுதி; அதைப் படிக்கலாம், திருத்தலாம், ஆனால் அதைக் கொண்டு ஒரு கடிதம்கூடத் தட்டச்சு செய்ய முடியாது. அதை இயங்கும் மென்பொருளாக மாற்றத் தேவையான கருவிகளையும் நூலகங்களையும் ஒரே கணினியில் ஒன்றோடொன்று பொருந்தும்படி கூட்டிவைப்பதே மேம்பாட்டுச் சூழலை அமைத்தல் எனப்படுகிறது. அலுவலகப் பணிகளுக்கான செயலித் தொகுப்பான லிப்ரே ஆபிஸில் இவ்வேலை கடினமாக இருப்பதற்கு அதன் பருமன் மட்டுமன்று, வயதும் காரணம்.

ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் நிறுவனம் உருவாக்கிய ஸ்டார் ஆபிஸை, 1999இல் அந்நிறுவனத்தையே வாங்கியதன் மூலம் பெற்ற சன் மைக்ரோசிஸ்டம்ஸ், 2000இல் அதன் மூலநிரலை ஓப்பன் ஆபிஸ் என்ற பெயரில் வெளியிட்டது; சன் ஆரக்கிளின் கைக்குப் போன பின், 2010 செப்டம்பரில் பங்களிப்பாளர் பலர் பிரிந்து லிப்ரே ஆபிஸைத் தொடங்கினர். மூன்று கை மாறியும் பழைய பெயர்கள் அழியவில்லை. சொற்செயலியான ரைட்டரின் நிரல் இருக்கும் அடைவு ‘எஸ்டபிள்யூ’, அதாவது ஸ்டார்ரைட்டர். விரிதாளின் அடைவு ‘எஸ்சி’, அதாவது ஸ்டார்கால்க். ஜெர்மன் மொழியில் இருந்த குறிப்புரைகளை ஆங்கிலமாக்குவதற்கே தொண்டர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன என்பதை அறிந்தவர், முதல் நாளில் ஏற்படும் குழப்பத்துக்குத் தம்மை நொந்துகொள்ள மாட்டார்.

மூலநிரல் கிட் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவி வழியாகப் பெறப்படுகிறது. அது கோப்புகளை மட்டுமன்றி, யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்ற முழுப் பதிவையும் சேர்த்தே இறக்குவதால், முதல் பதிவிறக்கம் பொறுமையைச் சோதிக்கும். அடுத்து வருவது சார்புகள், அதாவது இந்நிரல் தானே எழுதிக்கொள்ளாமல் பிறரிடமிருந்து இரவல் வாங்கும் நூலகங்கள். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வழங்கல்களில் ‘பில்டு-டெப்’ என்ற கட்டளை இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரே வீச்சில் நிறுவிவிடும் என்றாலும், மூலப் பொதிகளுக்கான களஞ்சிய வரி அமைப்புக் கோப்பில் செயலில் இல்லாவிட்டால் அக்கட்டளை பிழை காட்டி நின்றுவிடும். புதியவரைத் திகைக்க வைக்கும் இன்னொன்றும் உண்டு: நூலகம் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது, ஆனால் இல்லையென்று பிழைச்செய்தி வருகிறது. பயனருக்குத் தரப்படும் பொதியில் இயங்கும் பகுதி மட்டுமே இருக்கும். அந்நூலகத்தை அழைப்பது எப்படி என்று, மூலநிரலை இயங்கும் வடிவாக மாற்றும் கம்பைலருக்குச் சொல்லும் தலைப்புக் கோப்புகள், பெயரின் இறுதியில் ‘டெவ்’ என்று முடியும் தனிப் பொதியில் வைக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம்.

அதன் பின் இயக்கப்படும் ‘ஆட்டோஜென்’ என்ற குறுநிரல், கணினியில் எது உண்டு, எது இல்லை என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, இன்றியமையாத ஒன்று இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடுகிறது. விடுபட்டதை நிறுவி மீண்டும் இயக்குவதைத் தவிர வேறு வழியில்லை. வேண்டிய தெரிவுகளை ‘ஆட்டோஜென்.இன்புட்’ என்ற கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதிவைத்தால் ஒவ்வொரு முறையும் அவற்றைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. பிழை தேட உதவும் ‘டிபிஜியூட்டில்’ தெரிவை அதில் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது, ஏனெனில் பின்னர் சேர்த்தால் எல்லாவற்றையும் மறுபடி கட்ட நேரும்.

இனி எஞ்சுவது, கட்டுமானத்தைத் தொடங்கும் ‘மேக்’ என்ற ஒரே கட்டளை. வட்டில் பல பத்து ஜிபி இடத்தை எடுத்துக்கொண்டு, எளிய மடிக்கணினியில் பல மணி நேரம் ஓடும் இந்த முதல் கட்டுமானத்தோடு பலர் மனம் தளர்ந்து விலகிவிடுகின்றனர். உண்மையில் அந்தச் செலவு பெரும்பாலும் ஒரு முறைக்கானது. எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்ற கணக்கை மேக் வைத்திருப்பதால், பின்னர் ஒரு கோப்பைத் திருத்தினால் அதையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டுமே மறுபடி கட்டுகிறது; முன்பு தொகுத்தவற்றைச் சேமித்துவைக்கும் ‘சிகேஷ்’ துணையிருந்தால், எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்கினாலும் வேலை வெகுவாகக் குறைகிறது.

இயல்பான கட்டுமானத்தில் ஆங்கில இடைமுகம் மட்டுமே வரும். மொழித் தெரிவில் தமிழுக்குரிய ‘டிஏ’ குறியைச் சேர்த்தால், மொழிபெயர்ப்புகள் உள்ள துணைக் களஞ்சியமும் கட்டுமானத்தில் சேர்ந்து, தமிழ்ப் பட்டிகளுடன் செயலி உருவாகிறது. தமிழ் எழுத்துகள் திரையில் அமையும் விதத்தையும் இதே மூலநிரலில் பார்க்கலாம்: ‘கெ’ என்று எழுதும்போது நினைவகத்தில் ககரத்துக்குப் பின் நிற்கும் கொம்பு, திரையில் அதற்கு முன் வந்து நிற்பதற்குக் காரணமான ஹார்ப்பஸ் நூலகத்தை அழைக்கும் நிரலும் ‘விசிஎல்’ என்ற அடைவில் திறந்தே கிடக்கிறது.

கட்டி முடிந்த செயலியைக் கணினியில் நிறுவத் தேவையில்லை. ‘இன்ஸ்ட்டிர்’ அடைவுக்குள் இருக்கும் ‘ப்ரோக்ராம்’ அடைவிலிருந்தே அதை இயக்கலாம். அங்கே இயக்க வேண்டிய கோப்பின் பெயர் இன்றும் ‘எஸ்ஆபிஸ்’; அதன் முதலெழுத்து ஸ்டாரைக் குறிக்கிறது.