8 மார்க் கதைக் கேள்வி... மனப்பாடம் வேண்டாம், ஐந்து படிகள் போதும்!

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் பல மாணவர்கள் தடுமாறும் இடம், கடைசிப் பகுதியில் வரும் கதைக் கேள்வி. துணைப்பாடக் கதையின் குறிப்புகளைக் கொடுத்து, சுமார் 150 வார்த்தைகளில் விரித்து எழுதச் சொல்வார்கள். இதற்கு 8 மதிப்பெண். பாஸாக 35 போதும் என்னும்போது, இந்த எட்டு சின்ன விஷயமல்ல.

பெரம்பலூர் மாவட்டம் பாடாலூர் போன்ற ஊர்களில், பெற்றோர் வெங்காயக் காட்டுக்கும் சோளக்காட்டுக்கும் போய்விட, வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைகளுக்குக் கைடுதான் துணை. அதை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். பரீட்சையில் ஒரு வரி மறந்தால் அடுத்த வரியும் வராது.

ஆனால், கதை அவர்களுக்குத் தெரியும். அதை ஐந்தாகப் பிரித்துக்கொண்டால் போதும். 'தி ஏஜ்ட் மதர்' கதையையே எடுத்துக்கொள்வோம்.

1. யார், எங்கே? மலையடிவாரத்தில் ஏழை விவசாயியும் அவருடைய வயதான தாயும் வாழ்ந்தார்கள்.

2. என்ன சிக்கல்? முதியவர்களைக் கொன்றுவிட வேண்டும் என்று ஆட்சியாளர் ஆணையிட்டார்.

3. என்ன செய்தார்? தாயைச் சுமந்து மலையேறினார். மகன் வழி தவறாமல் திரும்ப வேண்டுமே என்று தாய் சுள்ளிகளைப் போட்டுக்கொண்டே வந்தாள். மனம் உருகிய மகன், தாயைத் திரும்பக் கூட்டிவந்து ஒளித்துவைத்தார்.

4. எங்கே திருப்பம்? சாம்பலில் கயிறு கேட்டார் ஆட்சியாளர். வைக்கோல் கயிற்றைத் தட்டையான கல்லில் வைத்து எரிக்கும் வழியைத் தாய் சொன்னாள்.

5. என்ன முடிவு? முதியவர்களின் அறிவை உணர்ந்து ஆணையை நீக்கினார் ஆட்சியாளர்.

படிக்கு இரண்டு, மூன்று சிறு வாக்கியம் எழுதினாலே 150 வார்த்தையை நெருங்கிவிடலாம். வினைச்சொற்கள் இறந்தகாலத்தில் இருக்கட்டும். குறிப்புகளின் வரிசையை மாற்ற வேண்டாம். 'தென்... தென்...' என்று அடுக்காமல், காரணம் வரும் இடத்தில் 'பிகாஸ்', விளைவுக்கு 'ஸோ', திருப்பத்துக்கு 'பட்' போட்டால் கதை கோர்வையாக நிற்கும். மூன்று மணி நேரத் தேர்வில் இதற்குக் கால் மணி நேரம் ஒதுக்கலாம்.

அணைக்கரை ஓட்டையை விரலால் அடைத்த பீட்டரின் கதைக்கும் இதே ஐந்து படிதான்.

பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ராத்திரி சாப்பிடும்போது பிள்ளையைத் தமிழில் கதை சொல்லச் சொல்லுங்கள். 'அப்புறம் என்னாச்சு?', 'ஏன் அப்படிச் செஞ்சார்?' என்று கேளுங்கள். பிள்ளை எங்கே திணறுகிறதோ, அந்தப் படியைத்தான் மறுநாள் படிக்க வேண்டும்.