செல்லோவும் பியானோவும்

மேனாட்டு இசையரங்குகளில் இருவர் மட்டுமே மேடையேறி நிகழ்த்தும் கச்சேரி ஒன்றுண்டு. ஒருவர் செல்லோவை வில்கொண்டு வாசிப்பார். மற்றவர் பியானோவின்முன் அமர்ந்திருப்பார். பாடகர் இல்லை, தாளக் கருவி இல்லை. இதனை முதன்முறை கேட்பவர்கள், செல்லோவே தலைமைக் கருவி என்றும் பியானோ அதற்குப் பக்கவாத்தியம் என்றும் எண்ணுவது இயல்பு. நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். அது பிழையான எண்ணம். ஏன் பிழை என்பதை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் கருவிகளை அறிவோம். செல்லோ வயலின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் உருவிற் பெரியது. வாசிப்பவர் நாற்காலியில் அமர்ந்து, அதனை முழங்கால்களுக்கிடையே நிறுத்திக்கொள்வார். அதற்குத் தந்திகள் நான்கு. வில் தந்தியின்மேல் உராயும் வரையில் ஒலி நீளும். வாசிப்பவர் விரும்பியபடி பெருகும், தேயும். பியானோவின் இயல்போ வேறு. இன்றைய பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளிருக்கும் சிறு சுத்தி தந்தியைத் தட்டுகிறது. தட்டிய கணத்திலிருந்தே அவ்வொலி தேயத் தொடங்குகிறது. ஆயினும் பத்து விரல்களாலும் பல சுரங்களை ஒருங்கே எழுப்பும் ஆற்றல் அதற்குண்டு.

ஒன்று நீண்டு பாடுவது. மற்றொன்று தட்டி ஒலிப்பது. இவ்விரண்டும் இணையும்போது ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. வயலினின் குரல் உயர்ந்தது. ஆதலால் அது பியானோவின் ஒலிக்குமேல் எளிதில் மிதக்கும். செல்லோவின் குரலோ தாழ்ந்தது. பியானோக்காரரின் இடக்கை விளையாடும் அதே பரப்பில்தான் அது பெரும்பாலும் உலவுகின்றது. அவர் சற்றே மிகுத்து வாசித்தாலும் செல்லோவின் குரல் அமிழ்ந்துபோகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், இவ்விரு கருவிகளுக்கும் நிகரான பங்கு முழுமையாக எழுதப்பட்ட உருப்படிகள் அரியனவாகவே இருந்தன. 1796ஆம் ஆண்டில் பீத்தோவன் பெர்லின் நகருக்குச் சென்றார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் வில்லியம் தாமே செல்லோ வாசிப்பவர். அவ்வரசவையில் தூப்போர் என்னும் உடன்பிறந்தார் இருவர் செல்லோவில் வல்லவராய் விளங்கினர். அவருள் ஒருவர் செல்லோ வாசிக்க, பீத்தோவனே பியானோ வாசித்து, தாம் புதிதாக இயற்றிய இரு சொனாட்டாக்களை அரங்கேற்றினார். அடுத்த ஆண்டு அவை அச்சில் வந்தபோது, முகப்பில் பியானோவின் பெயரே முதலில் நின்றது. செல்லோ அதனுடன் சேர்ந்து வருவதாகக் குறிக்கப்பட்டது! பக்கவாத்தியம் என்று நாம் எண்ணியதே அன்று முதலிடம் பெற்றிருந்தது.

1808ஆம் ஆண்டில் அவர் முடித்த மூன்றாம் சொனாட்டாவில் இந்த ஏற்றத்தாழ்வும் நீங்கியது. அதன் தொடக்கத்தைக் கேளுங்கள். செல்லோ தனியே, அமைதியாகப் பேசுகிறது. பியானோ வாய் திறவாது காத்திருக்கிறது. பின்னர்ப் பியானோ அப்பேச்சைத் தொடர்ந்து முடிக்கிறது. அடுத்து அதே இசையைப் பியானோ தொடங்க, செல்லோ முடித்துவைக்கிறது. ஒருவர் தொடங்கியதை மற்றவர் நிறைவு செய்யும் இம்முறையே இக்கச்சேரியின் உயிர்.

இவ்வளவு நுட்பமாக இரு குரல்களை நிறுத்துப் பார்த்த அவ்விசைப் புலவரின் செவிப்புலன், இதற்கிடையே குன்றிக்கொண்டே வந்தது. 1814ஆம் ஆண்டில், வயலினும் செல்லோவும் பியானோவும் சேர்ந்த உருப்படி ஒன்றை அவர் ஒத்திகை பார்த்தார். அதனை நேரிற் கேட்ட ஸ்போர் என்னும் வயலின் வல்லுநர் தம் நினைவுகளில் அதுபற்றி எழுதியிருக்கிறார். உரத்து வாசிக்கும் இடங்களில் தந்திகள் கலகலக்கும்படி பீத்தோவன் அடித்தார். மென்மையான இடங்களில் சில சுரங்கள் ஒலிக்கவே இல்லை. செவி துணைநிற்கவில்லை. ஆகவே பிறருடன் இசைந்து வாசிப்பது அரிதாயிற்று. விரைவில் அவர் பியானோக் கலைஞராக மேடையேறுவதை விட்டார். ஆயினும் மறு ஆண்டாகிய 1815இல் செல்லோவுக்கும் பியானோவுக்குமாக மேலும் இரு சொனாட்டாக்களை எழுதினார். தாம் இனிப் பங்குகொள்ள இயலாத உரையாடலைப் பிறருக்காக எழுதி வைத்தார்.

இந்த ஐந்து சொனாட்டாக்களையும் 1964ஆம் ஆண்டு எடின்பரோ விழாவில், ஒரே மாலையில், ரஸ்த்ரபோவிச்சும் ரிக்டரும் வாசித்தனர். அந்நிகழ்ச்சி படமாக்கப்பட்டிருத்தலால் இன்றும் நாம் அதனைக் காணலாம். பீத்தோவன் காலத்துப் பியானோ மரச்சட்டமுடையது, ஒலி மெலிந்தது. பின்னாளில் இரும்புச் சட்டம் வந்தபின் அதன் வலிமை பன்மடங்கு பெருகிற்று. ஆதலின் இக்காலப் பியானோக் கலைஞரின் பொறுப்பும் பெருகிற்று. தம்மிடம் உள்ள வலிமை முழுவதையும் காட்டாதிருப்பதே இங்கு அவர்தம் திறமை.

இதனை எண்ணும்போதெல்லாம் எனக்கு வகுப்பறை நினைவிற்கு வருகின்றது. ஆசிரியரின் குரல் அங்கே பியானோ. வினாவைக் கேட்டுவிட்டு, பின்வரிசையில் ஒரு மெல்லிய குரல் விடையைத் தொடங்கும் முன்பே நானே விடையைச் சொல்லி முடித்த நாள்கள் பல. அக்குரல்கள் என்ன சொல்லியிருக்கும் என்பதை இனி நான் அறியப்போவதில்லை.

மாணவர்களே, அந்த மூன்றாம் சொனாட்டாவை மும்முறை கேளுங்கள். முதன்முறை செல்லோவை மட்டும் பின்தொடருங்கள்; மறுமுறை பியானோவை மட்டும்; மூன்றாம் முறை, ஒன்று பேசும்போது மற்றொன்று என்ன செய்கிறது என்பதைக் கவனியுங்கள். அது உங்களுக்குப் புலனானால், இசையைக் கேட்கக் கற்றதோடு, உடனிருப்பவர் பேசும்போது செவிகொடுக்கவும் கற்றவர்களாவீர்கள்.